ஒரு நாள் வீரரும் ஒரு பருவ வீரரும்

2008-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் இரவு, பெங்களூர் சின்னசாமி விளையாட்டரங்கில் இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் போட்டிகள் முதன்முதலாகத் தொடங்கின. கொல்கத்தா அணியின் தொடக்க ஆட்டக்காரராகிய பிரெண்டன் மெக்கல்லம் 73 பந்துகளில் 158 ஓட்டங்கள் எடுத்து, இறுதிவரை ஆட்டமிழக்காமல் நின்றார். எதிர்த்து ஆடிய பெங்களூர் அணியினர் அனைவரும் சேர்ந்து எடுத்தவை 82 ஓட்டங்களே. அன்றைய ஆட்டநாயகன் யார் என்று தீர்மானிக்க எவருக்கும் அரை நிமிடம்கூடத் தேவைப்பட்டிராது.

அப்பருவத்தில் மெக்கல்லம் மொத்தம் நான்கு ஆட்டங்களிலேயே பங்கு கொண்டார். பின்னர்த் தம் நாடாகிய நியூசிலாந்தின் அணிக்கு ஆடச் சென்றுவிட்டார். நான்கிலும் சேர்த்து அவர் எடுத்த ஓட்டங்கள் 188. முதல் நாளை நீக்கினால், எஞ்சிய மூன்று ஆட்டங்களுக்கும் கிடைப்பவை 30. பருவ முடிவில் மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவர் என்ற சிறப்பு, 616 ஓட்டங்கள் எடுத்த ஷான் மார்ஷ் என்பவருக்குச் சென்றது.

அப்படியானால் முதல் நாள் பரிசு தவறானதா? இல்லை. அன்று நடந்ததற்கு அளித்த பரிசு அது. இனி நடக்கப்போவதற்கு எழுதிய ஜாதகம் அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்போதுதான் பிழை நேருகிறது. ஆட்ட மைதானத்தில் இப்பிழையால் பெருந்தீங்கு விளைவதில்லை. பள்ளியிலும் வயலிலும் விளைவதுண்டு என்பதாலேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஒரு நாளில் எடுக்கும் ஓட்டங்களில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று ஆட்டக்காரரின் நிலையான திறமை, மற்றொன்று தற்செயல். மட்டையின் விளிம்பில் பட்ட பந்து காப்பாளரின் கைக்குச் செல்லாமல் ஒரு முழம் தள்ளிச் செல்லுதல், பிடிக்க வேண்டிய பந்தை ஒருவர் நழுவவிடுதல், காற்றின் திசை, எதிர்ப்பக்கத்துப் பந்துவீச்சாளரின் சோர்வு ஆகிய யாவும் தற்செயலில் அடங்கும். ஆடிய 22 பேரில் முதலிடம் பெற்றவரைத் தேர்ந்தெடுக்கும்போது, திறமை மிக்கவரை மட்டுமின்றித் தற்செயல் துணைநின்ற ஒருவரையும் நாம் தேர்ந்தெடுக்கிறோம். மறுநாளைக்குத் திறமை உடன் வரும். தற்செயல் வரும் என்பதற்கு உறுதியில்லை.

அதே அரங்கில் 2013 ஏப்ரல் 23 அன்று பெங்களூர் அணியின் கிறிஸ் கெய்ல் 66 பந்துகளில் 175 ஓட்டங்கள் எடுத்தார். அப்பருவத்தில் 16 ஆட்டங்களில் அவர் பெற்றவை 708. அந்த ஒரு நாளை நீக்கிவிட்டால் ஓர் ஆட்டத்திற்குச் சராசரி ஏறக்குறைய 35 ஆகிறது. 175 என்னும் சிகரத்திலிருந்து இவரும் இறங்கினார். ஆனால் இறங்கிய இடமும் உயர்ந்த இடமே. மெக்கல்லம் அவர்களைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். மூன்று ஆட்டங்களில் 30 ஓட்டங்களே எடுத்தார் என்பதால் அவரைத் திறமை குன்றியவர் எனக் கொள்வாரும், முதல் நாளை மட்டும் கண்டு வியந்தோர் செய்த அதே பிழையையே செய்கின்றனர். மூன்று என்பது மிகச் சிறிய எண்.

ஓட்டங்களை எண்ணுவதோடு நில்லாமல், எத்தகைய நெருக்கடியில், எத்தகைய பந்துவீச்சுக்கு எதிராக அவை எடுக்கப்பட்டன என்பதையும் மதிப்பிடும் ஒரு முறையைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் ஒரு கிரிக்கெட் செய்தி நிறுவனத்துடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்டனர். நல்ல முயற்சியே. எனினும் ஒரு நாளின் கணக்கை எவ்வளவு நுட்பமாகப் போட்டாலும் அது ஒரு நாளின் கணக்குத்தான்.

சில நாள் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்னும் வினாவுக்குத் தெளிவான விடை அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து கிடைத்தது. அங்கே ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. வாரந்தோறும் சிறந்த ஆட்டக்காரரை அறிவிக்கும் வழக்கமும் உண்டு. பிராட்லி எஃப்ரன், கார்ல் மோரிஸ் என்னும் இரு புள்ளியியலார் 1970-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து 18 ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொருவரும் பந்தை அடிக்க நின்ற முதல் 45 முறைகளில் எத்தனை முறை வெற்றி பெற்றார் என்று குறித்தனர். ரோபெர்த்தோ கிளெமெண்டே 18 முறை வென்று, நூற்றுக்கு 40 என்ற கணக்கில் முதலிடத்தில் இருந்தார். தர்மன் மன்சன் என்னும் புதிய ஆட்டக்காரர் 8 முறை மட்டுமே வென்று, நூற்றுக்கு 17.8 பெற்றுக் கடைசிக்கு முந்திய இடத்தில் நின்றார். பதினெண்மரின் சராசரி 26.5.

பருவத்தின் எஞ்சிய பகுதியில் இவர்கள் எவ்வாறு ஆடுவர் என்று கூற, வில்லார்ட் ஜேம்ஸ், சார்லஸ் ஸ்டைன் ஆகியோர் 1961-இல் வகுத்தளித்த முறையை அவர்கள் கையாண்டனர். ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து விலகியுள்ள தொலைவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்புக என்று கணக்குக் கூறிற்று. அதன்படி கிளெமெண்டேக்கு 29.4, மன்சனுக்கு 24.7. உண்மையில் நிகழ்ந்தவை முறையே 34.6, 31.6. இருவருக்கும் கணக்குச் சரியாக அமையவில்லை என்று வாசகர் கூறலாம். ஆயினும் மன்சனைப் பொறுத்தவரை அது பழைய மதிப்பைவிட உண்மைக்கு அருகில் சென்றது. கிளெமெண்டே மெய்யாகவே தனிச்சிறப்பு வாய்ந்தவராதலின், அவருக்கு மட்டும் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஏறக்குறைய ஒரே அளவு பிழையாயின. பதினெண்மரையும் சேர்த்துப் பார்க்கையில், பிழைகளின் வர்க்கங்களது கூட்டுத்தொகை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிட்டது. முதல் 45 முறையைக் கண்டு மன்சனை ஒதுக்கியிருந்தால் அவருடைய அணிக்கு நேர்ந்திருக்கும் இழப்பு சிறிதன்று. அவ்வாண்டு அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே வழங்கப்பட்டது.

இவ்வியல்பை முதலில் விளக்கியவர் பிரான்சிஸ் கால்ட்டன். உயரமான பெற்றோரின் மக்கள் சராசரியை விட உயரமாயினும், பெற்றோரளவு உயரமாக இருப்பதில்லை என்று அவர் 1886-இல் எழுதினார். அவர் வழங்கிய ‘ரிக்ரெஷன்’ என்னும் சொல்லைத் தமிழில் ‘பின்னடைவு’ என்று பெயர்ப்பதுண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் எனக்கு இதில் சிறிது மனக்குறை உண்டு. பின்னடைவு என்றதும் ஒருவர் தோற்றுவிட்டார் என்ற எண்ணம் எழுகிறது. கடைசியில் நின்றவர் மேலேறி வருவதும் இதே விதியினால்தான். ‘சராசரிக்குத் திரும்புதல்’ நீண்ட தொடரேனும் நேர்மையானது.

ஆசிரியர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள நிகழ்ச்சியொன்றை உளவியலார் டேனியல் கானமன் குறிப்பிட்டுள்ளார். இஸ்ரேல் நாட்டு விமானப் படையின் பயிற்சி ஆசிரியர்களுக்கு அவர் பாடம் நடத்துகையில், பாராட்டுதலே சிறந்த வழி என்றாராம். அவர்களுள் ஒருவர் மறுத்தார்: நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை அவன் மோசமாகப் பறக்கிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாகப் பறக்கிறான் என்பது அவர் அனுபவம். அவர் கண்டது உண்மை. கொண்ட காரணமே பிழை. பாராட்டும் வசையும் இல்லாதிருப்பினும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும். நம் வகுப்பறைகளில் பிரம்புக்குக் கிடைத்துள்ள நற்பெயரில் எவ்வளவு பங்கு இவ்வழியே வந்ததோ!

களப் பணியாளருக்கும் இது பொருந்தும். ஒரு நாள் கறவையை மட்டும் அளந்து பசுவைத் தேர்ந்தெடுப்பவரும், ஒரு போகத்தில் ஒரு பாத்தி தந்த விளைச்சலைக் கொண்டு விதையைப் பரிந்துரைப்பவரும் அடுத்த முறை ஏமாற்றமடைந்து, தீவனத்தையோ உரத்தையோ குறை கூறுகின்றனர். பல நாள், பல பாத்தி, பல போகம் என அளவுகள் பெருகப் பெருக, விலகலில் நம்பத்தக்க பங்கும் பெருகும்.

இதை வகுப்பில் செய்து காட்டுதல் எளிது. கானமன் அன்று அப்பயிற்சி ஆசிரியர்களுக்குச் செய்து காட்டியதும் இதுவே. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு குறியிடுக. மாணவர் ஒவ்வொருவரும் குறிக்கு முதுகு காட்டி நின்று, திரும்பிப் பாராமல் இரண்டு நாணயங்களை ஒன்றன்பின் ஒன்றாக எறியட்டும். குறியிலிருந்து ஒவ்வொன்றும் விழுந்த தொலைவை அளந்து எழுதுக. எவரையும் புகழவும் வேண்டா, இகழவும் வேண்டா. முதல் எறிதலில் சிறந்த பத்துப் பேரும் கடைசிப் பத்துப் பேரும் இரண்டாம் எறிதலில் எங்கே நிற்கின்றனர் என்று பார்க்கச் சொல்லுக. பின்னர் அதே வகுப்பின் இரண்டு கணக்குத் தேர்வுகளை இவ்வாறே ஒப்பிடலாம். முதல் தேர்வில் மேல்நிலைப் பத்துப் பேர் வகுப்புச் சராசரியைவிட 20 மதிப்பெண் மேலாகவும், அடுத்த தேர்வில் அதே பத்துப் பேர் 12 மதிப்பெண் மேலாகவும் நின்றால், அந்த வகுப்பில் ஒரு தேர்வு காட்டும் வேறுபாட்டில் ஐந்தில் மூன்று பங்கை நம்பலாம்.