பெயர் தெரியுமுன் வைத்தியம்

கரிசல் பக்கம் பொழுது அடைந்துவிட்டால் பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். ‘பூச்சி’ என்பார்கள். “வரப்புல பூச்சி கிடக்கும், லைட்டை எடுத்துட்டுப் போ” என்ற எச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்தவர்கள் தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடம் வட்டாரத்தில் ஏராளம். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் என்று நம் நாட்டில் அதிகம் உயிர் குடிக்கும் பாம்புகள் நான்கு. இந்த நான்கில் மருத்துவரை மிகவும் ஏமாற்றுவது கட்டுவிரியன்தான். வீட்டுக்குள் வந்து, தரையில் தூங்குகிறவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். கடித்த இடம் அநேகமாக வீங்காது, வலிக்காது. சிலருக்குப் பல் பட்ட தடமே தெரியாது. நடுச்சாமத்தில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீரோ சோடாவோ கொடுப்பார்கள். விடியும்போது இரண்டு இமையும் கனத்து இறங்கியிருக்கும். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் நினைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். அடுத்து ஓய்வது மூச்சை இழுக்கும் தசை.

இப்படி ஒருவர் அதிகாலையில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட வந்தவர்களுக்குப் பாம்பு பற்றிய நினைப்பே இல்லை. “வயித்து வலி, பேச்சு குழறுது” என்பதோடு சரி. வாசலில் நிற்கும் டியூட்டி டாக்டருக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பயிற்சி இல்லாதவர் என்றால் வயிற்றுவலிக்கு ஊசி போட்டு ஓரமாகப் படுக்க வைத்துவிடலாம். பயிற்சி உள்ளவரின் கண் நேராக இமைக்குப் போகும். “ஐயா, என் விரலை அண்ணாந்து பாருங்க” என்பார். பார்வை மேலே நிற்காது. “தலையைத் தூக்குங்க” என்பார். தலை எழும்பாது. “ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்க” என்பார். எட்டிலோ ஒன்பதிலோ மூச்சு முட்டும். உடனே மனைவியின் பக்கம் திரும்புவார்.

“அம்மா, ராத்திரி எங்க படுத்திருந்தாரு?”

“கரண்டு இல்லன்னு வெளிய தரையிலதான்யா படுத்தாரு.”

அந்த ஒரு கேள்வியை அந்த இடத்தில் கேட்க ஒருவரைப் பழக்குவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதன் பெயர் அவசர மருத்துவம். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு மூன்று ஆண்டு எம்.டி. இந்திய மருத்துவக் கவுன்சில் இதைத் தனித்துறையாக ஏற்றுக்கொண்டது 2009-ல்தான். அமெரிக்காவில் இதற்கான முதல் பயிற்சித் திட்டம் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1970-ல் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் அவசரப் பிரிவு என்றால், அன்றைக்கு முறை வந்த யாராவது ஒரு மருத்துவர் நிற்கும் இடம்தான். அவர் கண் டாக்டராகவும் இருக்கலாம், தோல் டாக்டராகவும் இருக்கலாம். உடம்பின் மிக ஆபத்தான ஒரு மணி நேரத்துக்கென்று தனியாக யாரும் படிக்கவில்லை என்பது இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இந்தப் படிப்பில் சேருகிறவர் முதலில் பழைய பழக்கம் ஒன்றை விட வேண்டும். ஐந்தரை ஆண்டாக அவர் படித்துவந்த வரிசை இது: நோயாளியின் கதையைக் கேள், சோதி, பரிசோதனை அனுப்பு, நோய்க்குப் பெயர் கண்டுபிடி, பிறகு மருந்து கொடு. அவசரப் பிரிவில் பெயர் கடைசியில் வரும். முதலில் மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா? மூச்சு உள்ளே போய் வருகிறதா? ரத்த ஓட்டம் சரியா? நினைவு இருக்கிறதா? பிறகு உடைகளை விலக்கி உடம்பு முழுக்கப் பார்ப்பது. எந்தப் படியில் கோளாறு தென்படுகிறதோ அதை அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த படி. கட்டுவிரியனா, பக்கவாதமா, வேறு நரம்பு நோயா என்ற தர்க்கம் அப்புறம். மூச்சுத் தசை ஓய்கிறது என்றால் இப்போதே குழாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும்.

விபத்துச் சிகிச்சைக்கு இந்த வரிசை உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு தகப்பனின் துயரம் இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1976 பிப்ரவரியில் தானே ஓட்டிச் சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயல்வெளியில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகள் நால்வரும் காயமுற்றார்கள். அவர்களைக் கொண்டுபோன சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த கவனிப்பு, வயல்வெளியில் தன்னால் கொடுக்க முடிந்ததைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டு அவர் பதறினார். நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய பயிற்சியின் முதல் வகுப்பு 1978-ல் அதே மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் நடந்தது. இன்று ஏ.டி.எல்.எஸ். என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். பெரிய நகரத்து நிபுணர்களை மனத்தில் வைத்து அவர் அதைத் தொடங்கவில்லை. சிற்றூர் டாக்டருக்காகத் தொடங்கினார். திருவேங்கடத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த விவரம் நினைவுக்கு வருகிறது.

கட்டுவிரியன் கடித்தவரிடம் இன்னொரு பாடம் இருக்கிறது. விஷம் முழுதாக ஏறியபின் அவர் கண் திறக்க மாட்டார், விரல் அசைக்க மாட்டார், கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் போகலாம். பார்க்கிறவர்கள் ‘மூளைச்சாவு’ என்றே முடிவு கட்டிவிடக்கூடும். ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. படுக்கையைச் சுற்றி நடக்கும் பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கலாம். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை மட்டும் விஷம் துண்டித்திருக்கிறது. செயற்கை மூச்சோடு சில நாள் தாங்கினால் நரம்பு முனைகள் மறுபடி வளர்ந்து, எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் மாணவர்களிடம் இப்படிச் சொல்வார்கள்: அவர் தலைமாட்டில் நம்பிக்கையற்ற வார்த்தை பேசாதே. கையைப் பிடித்து, என்ன செய்யப் போகிறாய் என்று அவரிடமே சொல்லிவிட்டுச் செய்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கு வேறு பாடம். அவற்றின் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைக்கிறது. அதைக் கண்டுபிடிக்க லட்ச ரூபாய் இயந்திரம் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிச் சோதனைக்குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து நிறுத்திவைக்க வேண்டும். இருபது நிமிடம் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் கட்டியாக நிற்கும். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். விஷமுறிவு மருந்தை உடனே தொடங்க வேண்டும். குழாய் கண்ணாடியாக இருப்பது முக்கியம். கண்ணாடிப் பரப்புதான் ரத்தத்தை உறையத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயில் வைத்தாலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் வைத்தாலும் முடிவு தப்பாகிவிடும். ஓட்டமும் ஆட்டமுமாக இருக்கும் அவசரப் பிரிவில் ஒரு குழாயை இருபது நிமிடம் யாரும் தட்டாமல் காப்பதும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. வேண்டிய காரியம். எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் மருந்தை எங்கே இருப்பு வைப்பது என்று தெரியும்.

எங்கள் பக்கத்து அவசரப் பிரிவுகளில் பாம்புக்கடிக்கு இணையாக நெஞ்சைப் பிசைவது ‘மருந்து குடித்தவர்கள்’. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் வாங்கிவைத்த பூச்சிமருந்து ஒரு நிமிடக் கோபத்தில், கடன் நெருக்கடியில் கைக்கு எட்டிவிடுகிறது. பாஸ்பரஸ் வகை மருந்தாக இருந்தால் கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கும், வாயில் நுரை தள்ளும், நுரையீரலுக்குள் நீர் சுரந்து நோயாளி தன் நீரிலேயே மூழ்குவார். முறிவு, அட்ரோபின் ஊசி. ஒரு ஆம்பியூலில் 0.6 மில்லிகிராம் இருக்கும். ஐந்து ஆம்பியூல் போட்டு ஐந்து நிமிடம் பார். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் இன்னும் கொரகொரப்புக் கேட்கிறதா? பத்துப் போடு. அப்படியும் கேட்கிறதா? இருபது. பதினைந்து நிமிடம் தாண்டுவதற்குள் எழுபத்தைந்து ஆம்பியூல் வரை போகலாம். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழுத்து முறித்து உறிஞ்ச வேண்டும். ஹவுஸ் சர்ஜன்களின் விரல்களில் பஞ்சு சுற்றியிருப்பதைப் பார்த்தால் கண்ணாடி கீறியது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த இரட்டிப்பு முறை வெறும் வேகம் அல்ல. வங்கதேசத்தில் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பழைய முறைப்படி அட்ரோபின் பெற்றவர்களில் நூற்றுக்கு 22.5 பேர் இறந்தார்கள். இரட்டித்துக் கொடுத்தபோது அது 8 ஆகக் குறைந்தது. மருந்து அதேதான். கொடுக்கும் முறை தெரிந்த கை கூடுதலாகச் சேர்ந்தது, அவ்வளவே. பயிற்சிக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன்.

கைவேலையைவிடக் கற்றுக்கொள்ளக் கடினமானது வாய்வேலை. அவசரச் சிகிச்சையில் தலைமை ஏற்கும் மருத்துவர் “யாராவது அட்ரினலின் போடுங்க” என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. “சிஸ்டர், அட்ரினலின் அரை மில்லி, தொடையில் போடுங்க” என்று ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். போட்டபின் போட்டாயிற்று என்று உரக்கச் சொல்ல வேண்டும். பொம்மை உடம்பை வைத்துக்கொண்டு இதை நாடகம்போலத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கிறார்கள்.

அதைவிடவும் கடினம், வராந்தாவில் காத்திருக்கும் அம்மாவிடம் போய்ப் பேசுவது. “எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்” என்று சுற்றி வளைத்தால் அந்த அம்மாவுக்குப் புரியாது. “இப்ப எப்படி இருக்கான்?” என்று கேட்பார். உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து, ‘இறந்துட்டாரும்மா’ என்று அந்தச் சொல்லையே சொல்லவேண்டும், சொன்னபிறகு எழுந்து ஓடாமல் இருக்கவேண்டும் என்றும் இந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள். இருபத்தேழு வயதில் ஒரே இரவில் இதை இரண்டு முறை செய்துவிட்டு மூன்றாவது நோயாளிக்குத் தெளிந்த முகத்தோடு திரும்புகிற பிள்ளைகளை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இனி ஊருக்கு வருவோம். திருவேங்கடத்துக்கு வடகிழக்கே சிவகாசி, தென்கிழக்கே கோவில்பட்டி, தென்மேற்கே சங்கரன்கோவில். பட்டாசு, தீப்பெட்டி, மானாவாரிக் காடு. தீக்காயம், விஷக்கடி, பூச்சிமருந்து மூன்றும் கூடும் இடம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் தென்காசி இல்லை. ஆகவே பெரிய சிகிச்சை என்றால் பலருக்கும் பாளையங்கோட்டையில் இருக்கும் நெல்லை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். 1965-ல் தொடங்கிய கல்லூரி. மக்கள் வாயில் ‘ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி’. போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூச்சு நின்றுபோன ஒருவரை ஆம்புலன்சில் கொண்டுபோனால், கூட இருப்பவர் ஆறு நொடிக்கு ஒருதரம் மூச்சுக் கொடுக்கும் ரப்பர்ப் பையைப் பிழிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு அறுநூறு முறை. கை ஓய்ந்தால் மூச்சும் ஓயும்.

தமிழ்நாடு இதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது. ‘தாய்’ என்ற விபத்து, அவசரச் சிகிச்சைத் திட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைத் தரம் பிரிக்கும் பிரிவுகள் அரசு மருத்துவமனைகளில் வந்தன. ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருத்துவமனைக்குத் தகவல் போகிறது. ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியபின், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மாரடைப்புக்குச் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து நம் மாநிலத்தில் 2,420 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறப்போர் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள். இணைத்தாலே உயிர் பிழைக்கிறது.

மீதி இருப்பது ஆள். எந்தத் துறையில் எம்.டி. படிப்பவரும் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும் என்ற விதி 2020-லேயே வந்துவிட்டது. அவசர மருத்துவ மாணவர்களை அந்த மூன்று மாதமும் தென்காசி, சங்கரன்கோவில் போன்ற இடங்களின் வாசலில் முறைவைத்து நிறுத்தினால் என்ன? அவர்கள் அங்குள்ள டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் கற்றுக் கொடுப்பார்கள். கரிசல் காட்டு விஷக்கடியைப் பற்றி அவர்களும் கற்றுக்கொள்வார்கள். சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விஷக்கடி என்றால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடிப் போகாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து குடித்தவரோடு அந்த டப்பாவையும் எடுத்து வாருங்கள். மனம் உடைந்திருப்பவர் யாராவது வீட்டில் இருந்தால், அந்த டப்பா வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டாம். 104-க்குப் போன் செய்தால் பேச ஆள் இருக்கிறார்கள். விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்றுவலியோடு இமையும் இறங்கினால், டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்: “ராத்திரி தரையில படுத்திருந்தாரு.”