பிழைக்கப் போகும் பெண்ணுக்கு மருத்துவம் யார் பொறுப்பு?

செங்கம், போளூர், தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது புதிதல்ல. ஜவ்வாது மலைக்காரர்கள் ஆந்திரம், கேரளம் என்று போகிறார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தாலே 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேர்தான் நினைவுக்கு வருவார்கள். அத்தனை பேரும் ஆண்கள். சித்தாளாகவும் சூளையில் கல் அறுப்பவராகவும் கூடவே போகும் பெண்கள் பேச்சில் வருவதில்லை. கணக்கிலும் சரியாக வருவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தோர் சுமார் 45 கோடி. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். ஆனால் எதற்காக வந்தீர்கள் என்ற கேள்விக்கு ஒரே ஒரு காரணம்தான் பதிவாகும். கல்யாணமாகி வந்தவர், வந்த இடத்தில் வருடக்கணக்காகக் கலவை சுமந்தாலும், ‘திருமணம்’ என்ற கட்டத்திலேயே இருப்பார். தொழிலாளி என்றே எண்ணப்படாத பெண்ணுக்கு மருத்துவ ஏற்பாட்டை யார் திட்டமிடுவார்கள்? இடப்பெயர்வை ஆராய்கிறவர்கள் நெடுநாளாகச் சுட்டிக்காட்டும் குறை இது.

செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கே சேர்த்துக் கூலி. முன்பணம் பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். கர்ப்பிணி மனைவி ஒரு நாள் பரிசோதனைக்குப் போனால் அன்றைக்குக் கல் குறையும், கடன் அப்படியே நிற்கும். அதனால் அவர் போவதில்லை. இந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிலக்கால் வேலை நின்று அபராதம் விழக்கூடாது என்று கருப்பையையே எடுத்துக்கொண்டது 2019இல் வெளியே தெரிந்தது. நீலம் கோர்ஹே தலைமையில் அரசு குழு அமைத்தது. சுமார் 82,000 பெண்களிடம் எடுத்த கணக்கில் 13,000 பேருக்கு மேல் கருப்பையை இழந்திருந்தார்கள். வெள்ளைப்படுதலுக்கும் வயிற்றுவலிக்கும் போனவர்களிடம் புற்றுநோய் பயம் காட்டி அறுவை செய்ததும் உண்டு. கருப்பையை எடுத்துவிடலாம் என்று தனியார் மருத்துவமனையில் யாராவது சொன்னால், உயிருக்கு ஆபத்தான நிலை இல்லாதவரை அன்றே சம்மதிக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

சட்டம் பெண் பக்கம்தான் இருக்கிறது. ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் 2011இல் வந்தது. அதன்படி எந்த மாநிலத்து அரசு மருத்துவமனையிலும் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு எல்லாம் இலவசம். அவசர சிகிச்சை தர மறுப்பது வாழ்வுரிமையைப் பறிப்பது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பளித்தது. ஏழைப் பெண்களுக்கு மகப்பேறு உதவி மறுக்கப்பட்ட வழக்கில், மாநிலம் மாறினாலும் திட்டத்தின் பலன் கூடவே வர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010 ஜூனில் வலியுறுத்தியது. அந்த வழக்கின் பெண்களில் ஒருவர் பிரசவத்துக்குப் பின் இறந்துபோனவர். இந்த உரிமையின் விலை அது.

உரிமை இருந்தும் கவுண்டரில் கேட்பது காகிதத்தைத்தான். கர்ப்பம் தெரிந்ததும், 12 வாரத்துக்குள், ஊரிலேயே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு அடிப்படை அதுதான். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்ந்த தொகை அது. குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் தமிழ்நாட்டில் அந்த எண்ணைக் கேட்பார்கள். தாய் சேய் நல அட்டை ஊரில் டிரங்குப் பெட்டியில் கிடக்கக்கூடாது. ரத்த வகை, ஹீமோகுளோபின், போட்ட ஊசி எழுதிய பக்கங்களை இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்து வைத்திருக்கட்டும். போகும் முன் அங்கன்வாடியில் சொன்னால், போகும் ஊர் மையத்துக்குப் பெயரை மாற்ற போஷன் டிராக்கர் செயலியில் வழி உண்டு.

ஆனால் எல்லாச் சுமையையும் அந்தப் பெண்ணின் தலையிலேயே ஏற்றுவது நியாயமில்லை. கர்ப்பிணி ஊரைவிட்டுப் போகிறார் என்று செவிலியருக்குத் தெரிந்த அன்றே, போகுமிடத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆளை அழைத்துப்போகும் மேஸ்திரியிடமும் போகிறவர்களின் பட்டியலைக் கேட்க வேண்டும். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஊர்ப் பெண்கள் குழுவாக வைக்கவேண்டிய கோரிக்கை இது. சம்பந்தப்பட்டவர் வெளியூரில் இருந்தால், அவருக்காகத் தாயோ மாமியாரோ மனு கொடுக்கலாம்.

தமிழ்நாட்டுக்குள் மருத்துவ ஆலோசனைக்கும் புகாருக்கும் 104. வழக்கு நடத்தப் பணமில்லை என்று பெண்கள் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் அவர்களுக்குச் சட்ட உதவி இலவசம், எண் 15100. வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால் 3 மாதத்துக்குள் மாவட்ட உள்ளூர் புகார்க் குழுவுக்கு எழுதுங்கள். முன்பணத்தைக் காட்டி ஆஸ்பத்திரிக்கே விடாமல் தடுத்தால், அது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை வழக்காகலாம். மீட்கப்படும்போது கோட்டாட்சியரிடம் விடுவிப்புச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். உடனடி உதவியான 30,000 ரூபாய் வரையிலான தொகைக்கும், பெண்களுக்கான 2 லட்ச ரூபாய் மறுவாழ்வு உதவிக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம்.