படைப்பாக்க நிரலாக்கத்தில் கருவியும் வேகமும்

கணினிக்கு எழுதும் கட்டளைகளின் வழியே ஓவியம், அசைபடம், பார்வையாளரின் அசைவுக்கேற்ப மாறும் காட்சி ஆகியவற்றை உருவாக்கும் கலை படைப்பாக்க நிரலாக்கம் எனப்படுகிறது. இக்கலையில் வேகம் படைப்பின் தரத்தையே தீர்மானிக்கிறது. பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்வதால், சட்டகம் எனப்படும் ஒவ்வொரு தனிப்படத்துக்கும் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடிதான் கிடைக்கிறது. கணக்கிடுதலும் வரைதலும் அதற்குள் முடியாவிட்டால் அசைவு தடுமாறும்.

இத்துறையின் கருவிகள் வெவ்வேறு நோக்கங்களுடன் பிறந்தவை. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் பென் ஃபிரையும் கேசி ரியாஸும் 2001இல் தொடங்கிய 'பிராசசிங்', ஜாவா மொழியை அடித்தளமாகக் கொண்டு, நிரலாக்கம் அறியாத கலைஞர்களுக்காக அமைக்கப்பட்டது. அதன் கருத்தை உலாவிக்குக் கொண்டுசென்றது லாரன் மெக்கார்த்தி உருவாக்கிய 'பி5.ஜேஎஸ்'. சி++ மொழியில் அமைந்த 'ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ்', நிரலை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றிவிடுவதோடு நினைவகத்தைக் கையாளும் பொறுப்பையும் எழுதுபவரிடம் விடுகிறது. ஆகவே அது வேகமானது, கற்கக் கடினமானது.

ஆயினும் கருவியின் வேகத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது. வேலை கணினியின் எப்பகுதியில் நடக்கிறது என்பதையும் அறிய வேண்டும். 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன; விநாடிக்கு 60 சட்டகம் எனில், சுமார் 12.4 கோடி முறை நிறத்தைக் கணக்கிட வேண்டும். சில கருக்களே கொண்ட மையச் செயலி இதனை ஒவ்வொன்றாகச் செய்யத் திணறும். ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் செய்யவல்ல வரைகலைச் செயலிக்கோ இது இயல்பான வேலை. அச்செயலிக்கென எழுதப்படும் சிறு நிரல் 'ஷேடர்' எனப்படும். சுமை முழுவதும் ஷேடரில் இருக்கும்போது, அதை ஏவும் மொழி உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டா சி++ஸா என்பதால் விளையும் வேறுபாடு மிகவும் குறைந்துவிடுகிறது.

கணக்கிடும் முறையும் கருவிக்கு இணையான முக்கியத்துவம் உடையது. கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் வெளியிட்ட 'பாய்ட்ஸ்' என்னும் பறவைக்கூட்ட மாதிரியில், ஒவ்வொரு பறவையும் அருகிலுள்ள பறவைகளைப் பார்த்தே தன் திசையை மாற்றுகிறது. 1,000 பறவைகளில் ஒவ்வொன்றும் மற்ற அனைத்தையும் சோதித்தால் சட்டகத்துக்கு 9,99,000 சோதனைகள் தேவை. 10,000 பறவைகளானால் அது ஏறத்தாழ 10 கோடியாகும். பறவைகள் பத்து மடங்காக, வேலை நூறு மடங்காகிறது. வெளியைக் கட்டங்களாகப் பிரித்து, தன் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் மட்டும் சோதிக்கச் செய்தால், மொழியை மாற்றாமலேயே பெரும்பகுதிச் சுமை நீங்கும்.

மந்தம் கருவியின் அமைப்புகளிலும் ஒளிந்திருக்கலாம். பி5.ஜேஎஸ், தொடக்கநிலையினருக்குப் பிழைகளை எளிய மொழியில் சுட்டுவதற்காகக் கூடுதல் சோதனைகளை நடத்துகிறது. அதன் சுருக்கப்பட்ட கோப்பைப் பயன்படுத்தினால் அச்சோதனைகள் நிகழா. அடர்த்தி இருமடங்கான திரைகளில் நீளமும் அகலமும் இரட்டிப்பதால் வரையப்படும் படப்புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. அடர்த்தியை ஒன்று என அமைத்தால், கூர்மை சற்றுக் குறைந்தாலும் ஓட்டம் சீராகும்.

இறுதியில், படைப்பு அரங்கேறும் இடமும் கணக்கில் வர வேண்டும். கைப்பேசியிலும் உலாவியிலும் பலரைச் சென்றடைய வேண்டிய படைப்புக்குப் பி5.ஜேஎஸ் பொருந்தும். கேமராக்களையும் பல புரொஜெக்டர்களையும் இணைக்கும் கண்காட்சிக்கு ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸோ, பெட்டிகளைக் கோடுகளால் இணைத்துக் காட்சியமைக்கும் 'டச்டிசைனரோ' தகும். ஆனால் பின்னதன் இலவசப் பதிப்பில் படத்தின் அளவு 1280 × 1280க்கு வரையறுக்கப்பட்டுள்ளதை முன்பே அறிந்திருத்தல் நலம். எளிய கருவியில் ஒரு முன்மாதிரியைச் செய்து, ஒரு சட்டகத்துக்கு எத்தனை மில்லி விநாடி ஆகிறது, அது எப்பகுதியில் செலவாகிறது என்று அளந்து, முறையைத் திருத்திய பின்னும் நேரம் போதாதபோதே கடினமான கருவிக்கு மாறுவதுதான் தக்க வரிசை. அவ்வாறு மாறுபவர், புதிய மொழியைக் கற்கச் செலவிடும் மாதங்களுக்கு ஈடாகத் தம் படைப்புக்கு என்ன கிடைக்கப்போகிறது என்பதைத் தெளிவாக அறிந்தே மாறுகிறார்.