கிளம்ப மறுக்கும் படகு மோட்டார்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் விடியலுக்கு முன்னர் வள்ளம் இறக்கும் மீனவர் இரண்டு பொருள்களை நம்பிக் கடலுக்குள் செல்கின்றனர். ஒன்று வலை, மற்றொன்று வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டப்பட்டிருக்கும் அவுட்போர்டு மோட்டார். வலை கிழிந்தால் அன்றைய மீன் போகும். நடுக்கடலில் மோட்டார் நின்றுவிட்டாலோ, காற்றும் நீரோட்டமும் வள்ளத்தைத் தம் போக்கில் இழுத்துச் செல்லும். ஆகவே, பழைய மோட்டார் ஒன்று கிளம்ப மறுப்பதன் காரணத்தை ஆராய்வது வெறும் பொழுதுபோக்கன்று. உயிரோடு தொடர்புடைய செய்தி. அதனையே இன்று காண்போம்.

எஞ்சின், தண்டு, நீரைத் தள்ளும் சுழல்விசிறி ஆகிய மூன்றையும் ஒரே உறுப்பாக்கிப் படகின் வெளிப்புறத்தில் மாட்டும் கருவியே இது. நார்வே நாட்டில் 1877-ஆம் ஆண்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், 1909-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் இத்தகைய மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றார். அதன் ஆற்றல் 1.5 குதிரைத்திறனே. அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆயினும் பல நிறுவனங்கள் செய்த பழைய இருவீச்சு மோட்டார்கள் உலகின் பல கடற்கரைகளிலும் இன்னும் உழைத்து வருகின்றன.

எந்தப் பெட்ரோல் எஞ்சினும் கிளம்புவதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். எரிபொருளின் ஆவியும் காற்றும் உரிய அளவில் கலந்து சிலிண்டருக்குள் வருதல் ஒன்று. அக்கலவை நன்கு அமுக்கப்படுதல் இரண்டு. உரிய கணத்தில் வலிய தீப்பொறி தோன்றுதல் மூன்று. எஞ்சின் கிளம்பவில்லையெனில் இம்மூன்றில் ஏதோ ஒன்று குறைகின்றது என்பது உறுதி. எது குறைகின்றது என்று அறிந்த பின்னரே திருகுச் சாவியைக் கையில் எடுத்தல் வேண்டும்.

முதலில் எளியவற்றைப் பார்ப்போம். ஆபத்தில் எஞ்சினை நிறுத்துவதற்கென ஓட்டுபவர் உடலோடு இணைக்கும் கயிற்றின் கொக்கி தன் இடத்தில் உள்ளதா? கியர் நடுநிலையில் உள்ளதா? தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கின்றதா? அத்திருகு மூடியிருந்தால், எரிபொருள் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று உள்ளே புகாது. தொட்டிக்குள் வெற்றிடம் மிகுந்து, எரிபொருள் வருவது நின்றுவிடும். கிளம்பிச் சிறிது தொலைவு சென்று மோட்டார் நிற்பதற்கு இச்சிறு திருகு காரணமாவது உண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் கிளம்பவில்லையெனில், கயிற்றைச் சில தடவை இழுத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சிலிண்டருக்குள் நடப்பதை நமக்குச் சொல்லும் சாட்சி அதுவே. பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை என்பது பொருள். சிலிண்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு, சிந்தியதைத் துடைத்து, ஆவி கலைந்தபின் பிளக்கை மாட்டிக் கயிற்றை இழுங்கள். எஞ்சின் சில நொடி ஓடி நின்றால் தீப்பொறியும் அமுக்கமும் நன்றாக உள்ளன; குறை எரிபொருள் வரும் வழியில்தான் என்று தெளியலாம்.

பிளக் நனைந்திருந்தால் எரிபொருள் வருகின்றது. அளவுக்கு மிஞ்சி வந்திருக்கலாம். அல்லது தீப்பொறி இல்லாமலிருக்கலாம். குளிர்ந்த எஞ்சினுக்குச் செறிந்த கலவை தருவதற்காகக் காற்றைக் குறைக்கும் உறுப்பு சோக் ஆகும். அதை இழுத்தபடியே பலமுறை முயன்றால் சிலிண்டர் பெட்ரோலில் மூழ்கிவிடும். அப்பொழுது சோக்கைத் திறந்து, பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, வேகக் கைப்பிடியை மோட்டாரின் கையேடு அனுமதிக்கும் அளவுக்குத் திறந்துவைத்து இழுத்தால் மிகுதியான பெட்ரோல் வெளியேறிவிடும். கயிற்றை இழுக்கும்பொழுது வழக்கமான எதிர்ப்பு கைக்குத் தெரியாமல் தளர்ந்திருக்குமாயின், அமுக்கம் குறைந்துள்ளதோ என்று ஐயுறலாம். அதனை அளவுக் கருவிகொண்டு மெக்கானிக் சோதித்தலே முறை.

இனி, எரிபொருள் வரும் வழியைத் தொட்டியிலிருந்து தொடங்கி வரிசையாகப் பின்தொடர்வோம். குழாயின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ் ஒன்று உண்டு. அதன்மேலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருத்தல் வேண்டும். சிலமுறை அமுக்கியதும் குமிழ் இறுகினால் நன்று. இறுகாவிட்டால் எங்கோ காற்று புகுகின்றது, அல்லது குமிழின் உள்வால்வு பழுதடைந்துள்ளது. ஓடும்பொழுது குமிழ் உள்வாங்கிச் சப்பிப்போனால் தொட்டிக்கும் குமிழுக்கும் இடையில் அடைப்பு உள்ளது. ஓட்டம் தளரும்பொழுது குமிழை அமுக்கியவுடன் எஞ்சின் உயிர்பெற்றால், எரிபொருள் பம்பின் மென்தகட்டை ஐயுறுதல் வேண்டும். ஒரு சிறிய குமிழ் எத்தனை செய்திகளைச் சொல்கின்றது, பாருங்கள்!

அடுத்தது வடிகட்டி, அதன்பின் கார்புரேட்டர். பெட்ரோலைப் பல மாதம் தேக்கிவைத்தால் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய்ப் பிசின் போன்ற கசடு தங்கும். அது கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். அவற்றைக் கழற்றி, அதற்குரிய கரைப்பானில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதித் துப்புரவு செய்ய வேண்டும். எஃகுக் கம்பியால் குத்துதல் கூடாது. துளை சிறிதே பெருகினாலும் கலவையின் அளவு மாறிவிடும்.

நீர் கலந்திருப்பதை அறிய எளிய சோதனை உண்டு. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ளதை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்து அசையாமல் வையுங்கள். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆதலால் அடியில் தனிப் படலமாகத் தங்கிவிடும். இன்று இச்சோதனை முன்னைவிட இன்றியமையாதது. நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2022-ஆம் ஆண்டில் 10 விழுக்காட்டையும் 2025-ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தொட்டியின் அடியில் பிரிந்து நிற்கும். இருவீச்சு எஞ்சினுக்கு மசகெண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே செல்கின்றது. அடியில் நிற்கும் அப்படலத்திலோ எண்ணெய் மிகக் குறைவு. அதை எஞ்சின் உறிஞ்சினால் கிளம்பாமை மட்டுமன்று, தேய்மானமும் நேரும். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் இளகச் செய்யும். எண்ணெய்க் கலவையின் அளவை மோட்டாரின் கையேட்டிலிருந்தே கொள்ளுதல் வேண்டும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களுக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்று உண்டு. பெட்ரோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய் அவ்வாறன்று. எனவே இவற்றைப் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றனர். கரை சேர்வதற்குச் சற்று முன்னர் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். இதனை மறந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெயே தங்கிவிடும். மறுநாள் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் குளிர்ந்த எஞ்சின் எளிதில் இசையாது. இன்றைய தொல்லையின் வித்து நேற்று மாலை விதைக்கப்பட்டிருக்கின்றது!

தீப்பொறியில் குறை எனத் தோன்றினால், முதலில் அதே வகையைச் சேர்ந்த புதிய பிளக்கை மாட்டிப் பாருங்கள். பின்னர் உப்புக் காற்றினால் பச்சை பூத்த கம்பி இணைப்புகளைத் துப்புரவு செய்யுங்கள். மிகப் பழைய மோட்டார்களில் சக்கரத்தின் அடியிலுள்ள தொடுமுனைகளும் துருவேறி மங்கியிருக்கலாம். தீப்பொறியைச் சோதிப்பவர் பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில், அதற்குரிய கருவிகொண்டு செய்தல் வேண்டும். அவ்வாவி காற்றைவிடக் கனமானதாதலால் படகின் அடித்தளத்தில் தங்கி நிற்கும். ஒரு பொறியே பெருந்தீயாகலாம். மோட்டாரை நீரின்றி ஓட்டுதலும் தவறு. குளிர்நீரை ஏற்றும் ரப்பர் விசிறி விரைவில் கருகிவிடும். கரையில் சோதிக்கும்பொழுது நீர் நிறைந்த பீப்பாயில் அடிப்பகுதியை மூழ்கவைத்து ஓட்டுக.

மாணவ நண்பர்களே, இவ்வளவிலும் அடங்கியுள்ள முறை ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல். பிளக், பெட்ரோல், கார்புரேட்டர் மூன்றையும் ஒருவன் ஒருசேர மாற்றுகிறான், மோட்டார் கிளம்புகிறது, அவனும் மகிழ்கிறான். ஆனால் பிழை எதிலிருந்தது என்று அவன் அறியான். குழாயின் வெடிப்பில் இருந்த குறை, அன்று கழற்றி மாட்டியபொழுது தற்செயலாகச் சற்று அடைபட்டிருக்கலாம். அது மறுபடி வெளிப்படுவது கரையில் அன்று; கடலில். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பயிலும் சோதனை முறைக்கும் கடற்கரை மெக்கானிக்கின் முறைக்கும் வேறுபாடில்லை.

பழுது நீங்கிய பின்னரும், கரையை ஒட்டிச் சிறிது தொலைவு ஓட்டிப் பார்த்தபின் ஆழ்கடல் செல்லுதலே அறிவுடைமை. மாற்றுப் பிளக், அதைக் கழற்றும் சாவி, இழுகயிறு, இவற்றோடு ஒரு சோடித் துடுப்பும் வள்ளத்தில் எப்பொழுதும் இருக்கட்டும்.