நிறைமாதப் பெண்ணும் நள்ளிரவு நடையும்

கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பது நோயன்று. கருவைச் சுமக்கும் உடல் தன் வேலையைச் சரிவரச் செய்கிறது என்பதற்கான அடையாளங்களுள் ஒன்று அது. ஆனால் அந்த இயல்பான தேவையை எங்கே, எவ்வளவு பாதுகாப்பாகத் தீர்த்துக்கொள்ள முடிகிறது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். திண்டுக்கல் மாவட்டத்தில், சித்தரேவிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் மலைச்சாலையில் உள்ள பெரும்பாறை போன்ற ஊர்களில் குளிரும், காப்பித் தோட்டத்து வேலையும், வீட்டை விட்டுத் தள்ளி நிற்கும் கழிப்பறையும், இரவில் நடமாடும் காட்டு மாடுகளும் சேர்ந்துகொள்ள, நிறைமாதப் பெண் எழுந்து போவதைத் தள்ளிப்போடவும், அதற்கும் மேலாகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளவும் முற்படுவதில் வியப்பில்லை. தீங்கு தொடங்குவது அங்கேதான்.

கருவுற்ற காலத்தில் பெண்ணின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதியளவுக்குக் கூடுகிறது. சாதாரண நாளில் சிறுநீரகங்கள் இரண்டும் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை மீண்டும் இரத்தத்துக்கே திருப்பியனுப்பி, எஞ்சிய ஒரு பங்கைத்தான் சிறுநீராக வெளியேற்றுகின்றன. கருக்காலத்தில் இந்த வடிகட்டும் வேலையும் பாதிக்குப் பாதி மிகுந்துவிடுகிறது. தாயின் கழிவோடு குழந்தையின் கழிவையும் தாயின் சிறுநீரகமே வெளியேற்ற வேண்டியிருப்பதால், இந்தக் கூடுதல் உழைப்பு இல்லாமல் கரு வளர முடியாது.

சிறுநீர் மிகுதியாக ஊறுவது ஒருபுறமிருக்க, அதைத் தேக்கிவைக்கும் இடம் சுருங்கிப்போவது மற்றொரு காரணம். சிறுநீர்ப்பை கருப்பைக்கு முன்புறம், அதை ஒட்டியே அமைந்திருக்கிறது. முதல் மூன்று மாதங்களில் இடுப்புக்குழிக்குள்ளேயே பருக்கும் கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. பிறகு அது வயிற்றுக்குள் மேலெழுந்துவிட, இடைப்பட்ட மாதங்களில் சற்று ஆறுதல் கிடைக்கிறது. கடைசி வாரங்களில் குழந்தையின் தலை இடுப்புக்குழிக்குள் இறங்கும்போது அழுத்தம் முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. ‘வயிறு இறங்கிவிட்டது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான். தலைப்பிரசவத்தில் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பாகவே இது நிகழ்வதுண்டு. அடுத்தடுத்த பிரசவங்களில் வலி தொடங்கும் வரை தலை இறங்காமலிருப்பதும் உண்டு. தலை இறங்கியபின் மூச்சு வாங்குவது குறைந்து, உண்பது எளிதாகும். ஆனால் சிறுநீர்ப்பையில் சிறிதளவு சேர்ந்தாலே முட்டிக்கொண்டு வரும். இருமினாலும் தும்மினாலும் சில சொட்டுகள் கசிவதும் இந்த அழுத்தத்தின் விளைவே என்பதால், அதற்காகப் பெண்கள் கூச வேண்டியதில்லை.

இரவில் இந்தத் தொல்லை ஏன் கூடுகிறது என்பதைத் தனியே விளக்க வேண்டும். பகல் முழுவதும் நின்றும் நடந்தும் வேலை செய்யும்போது உடலின் நீரில் ஒரு பகுதி கால்களில் இறங்கித் தேங்குகிறது. மாலையில் பாதம் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் தெரிவது அதனால்தான். படுத்தவுடன் அந்த நீர் மீண்டும் இரத்த ஓட்டத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வந்து சேர்கிறது. ஆகவே இரவில் எழுப்புவது இரவில் குடித்த தண்ணீர் மட்டுமன்று, பகலில் காலில் தங்கிய தண்ணீரும்தான். மலையில் இதனோடு குளிரும் சேர்கிறது. பெரும்பாறை அமைந்துள்ள கீழ்ப்பழனி மலையின் பெரும்பகுதி 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உயர்ந்த நிலம். குளிரில் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் உட்பகுதியில் திரள்வதால், நீர் மிகுந்துவிட்டதாகக் கொண்டு உடல் அதைச் சிறுநீராக வெளியேற்றுகிறது. வியர்வையாகப் போவதும் குறைவு. மார்கழிக் குளிரில் மலையூர்ப் பெண் சமவெளிப் பெண்ணைவிடக் கூடுதலாக எழ நேர்ந்தால், அது அவள் உடலின் குறையன்று.

இத்தனை முறை எழ வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பதுதான் பெரும்பாலானோர் முதலில் கைக்கொள்ளும் வழி. தவிர்க்க வேண்டியதும் அதுவே. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து, சிறுநீர்ப்பையின் உட்சுவரை உறுத்தி, கொஞ்சம் சேர்ந்தாலும் போகவேண்டும் என்ற உணர்வைத்தான் தூண்டும். அதைவிடப் பெரிய கேடு கிருமித் தொற்று. கருக்காலத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற இயக்குநீர், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்களின் தசையைத் தளர்த்திவிடுகிறது. பருத்த கருப்பையும் அக்குழாய்களை அழுத்துகிறது. ஆற்றில் தடுப்பு விழுந்தால் நீர் தேங்குவதுபோல, குறிப்பாக வலப்பக்கத்துக் குழாயில், சிறுநீர் தேங்கி நிற்கிறது. பெண்ணின் சிறுநீர்த்தாரை நான்கு செண்டிமீட்டர் நீளமே உடையதாகையால், மலவாயின் அருகிலிருக்கும் கிருமிகள் சிறுநீர்ப்பைக்குள் ஏறுவது எளிது. அடிக்கடி கழித்து வெளியேற்றினால் அவை பெருக வாய்ப்புக் குறையும்; மணிக்கணக்கில் அடக்கிவைத்தால் பெருகும். கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு, எரிச்சலோ வலியோ எதுவுமின்றியே இத்தகைய தொற்று உள்ளது. கவனிக்காமல் விட்டால் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வரை சிறுநீரகத் தொற்றுக்கு ஆளாகக்கூடும். அது குளிர்க்காய்ச்சலாக வெளிப்பட்டு, குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். அதனால்தான் அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரில் கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. அந்தப் பரிசோதனைக்கு முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

குடிக்கும் அளவைக் குறைக்காமல், குடிக்கும் நேரத்தை மாற்றிக்கொள்வது நல்ல வழி. ஒரு நாளைக்குத் தேவையான இரண்டு லிட்டருக்குக் குறையாத தண்ணீரில் பெரும்பகுதியைக் காலையிலிருந்து மாலைக்குள் பருகிவிட்டு, படுக்கப் போகுமுன் இரண்டு மணி நேரம் மட்டும் தொண்டை நனையும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளிறியிருந்தால் தண்ணீர் போதும் என்று பொருள். அடர் மஞ்சளானால் போதவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் இடப்பக்கமாகச் சாய்ந்து, கால்களைத் தலையணைமேல் உயர்த்திப் படுத்திருந்தால், காலில் தேங்கிய நீர் இரவுத் தூக்கத்துக்கு முன்பே வெளியேறிவிடும்; எளிய இந்த வழியைச் செய்துபார்க்கும் குடும்பங்கள் குறைவு, ஏனெனில் அந்த ஒரு மணி நேரம்தான் அடுப்படியில் அவளைத் தேடும் நேரம். கால் வீக்கத்துக்கென்று நீர்முள்ளிக் கசாயம் முதலிய நீர்பெருக்கும் மருந்துகளைத் தாமாகக் காய்ச்சிக் குடிப்பது தகாது. மருத்துவரைக் கேட்டே எதையும் பருக வேண்டும்.

கழிக்கும்போது உடலைச் சற்று முன்னோக்கிச் சாய்த்தால் சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகும். முடிந்ததும் உடனே எழாமல் சிறிது பொறுத்து மறுபடி முயன்றால் எஞ்சியதும் வந்துவிடும். கழுவும்போது கையை முன்னிருந்து பின்னாகவே கொண்டுபோக வேண்டும். பின்னிருந்து முன்னாகக் கழுவினால் மலவாய்க் கிருமிகள் சிறுநீர்த்தாரைக்கு வந்துவிடும்.

பெரும்பாறைச் சுற்றுவட்டாரத்தில் இரவு எழுவதென்பது பல வீடுகளில் கதவைத் திறந்து, பனியில் நனைந்த படிகளில் இறங்கி, இருட்டில் நடப்பது. கீழ்ப்பழனியின் தோட்டங்களில் காட்டு மாடுகளும், சில பகுதிகளில் யானைகளும் வந்துபோவது புதிதன்று. வயிற்றின் பாரத்தால் உடலின் சமநிலை முன்பக்கம் நகர்ந்துவிட்ட நிறைமாதப் பெண்ணுக்கு வழுக்கும் ஒரு படிக்கல்லே போதும் விழுவதற்கு. ஆகவே கடைசி இரண்டு மாதங்களுக்காவது வீட்டுக்குள்ளேயே ஓர் ஏற்பாடு வேண்டும்: மூடியுள்ள வாளி, அல்லது நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலியும் அடியில் ஒரு பாத்திரமும், மறைப்புக்கு ஒரு சேலைத் திரை. காலையில் அதைக் கொட்டிக் கழுவும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை. அதற்கு வாய்ப்பில்லாத வீடுகளில், கழிப்பறை வழியில் ஒரு விளக்கும், உட்கார்ந்து எழப் பிடித்துக்கொள்ளச் சுவரில் உறுதியான ஒரு கம்பியும், துணைக்கு ஒருவரும் இருக்க வேண்டும். தூக்கம் கெடுகிறதே என்று துணைக்கு எழுப்பத் தயங்கும் பெண், விடியும் வரை அடக்கிக்கொண்டு கிடப்பாள்.

காப்பி விளையும் ஊரில் காப்பியைக் குறை என்று சொல்வது கடினம். எனினும் வரக்காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் சிறுநீர்ப்பையைத் தூண்டி, சிறுநீரையும் சற்றுப் பெருக்கும் என்பதால், நாளுக்கு ஒன்றிரண்டு டம்ளரோடு, அதுவும் பிற்பகலுக்குமுன் நிறுத்திக்கொள்வது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து இவற்றைக் குடித்தால் அந்தச் சத்து உடலில் சேர்வதும் குறையும். அந்த மாத்திரையால் சிலருக்கு உண்டாகும் மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையை அழுத்துமாதலால், கீரையும், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு அந்த மலையிலேயே விளையும் மலைவாழைப்பழமும் உதவும்.

பகல் நேரத்துச் சிக்கல் வேறு. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் கார்த்திகை தொடங்கிக் குளிர்காலம் முழுவதும் நீள்கிறது. சரிவில் வரிசையாக நின்று வேலை செய்யும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாதபோது, கருவுற்றவளும் காலைமுதல் தண்ணீரைத் தவிர்த்து, மாலை வரை அடக்கிக்கொள்கிறாள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் எளிதில் சென்றடையும் இடங்களில், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே, போதிய கழிப்பிடங்கள் அமைப்பதைக் கடமையாக்கியது. ஆயினும் பின்னர் திருத்தப்பட்ட வடிவில் அது 5 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களுக்கென எழுதப்பட்டது. சிறு தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டி, ஒரு குடம் தண்ணீர் வைப்பதற்குச் சட்டத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றாலும், அதுகூட இல்லாத தோட்டத்தில் நிறைமாதப் பெண்ணை வேலைக்கு நிறுத்துவது தவறு.

அடிக்கடி போவது எல்லா நேரத்திலும் இயல்பானதுதான் என்று இருந்துவிடவும் கூடாது. கழிக்கும்போது எரிச்சல், அதாவது நீர்க்கடுப்பு, கலங்கிய அல்லது இரத்தம் கலந்த சிறுநீர், துர்நாற்றம், விலாவின் பின்புறம் வலி, நடுக்கத்தோடு காய்ச்சல் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். அடங்காத தாகத்தோடு அளவிலும் மிகுதியாகச் சிறுநீர் போனால் கர்ப்பகாலச் சர்க்கரை நோயாக இருக்கலாம். ஆனால் அந்நோய் பெரும்பாலும் அறிகுறி இன்றியே வருவதால், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் சோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதை, இந்திய மாநிலங்களில் முதலாவதாகத் தமிழ்நாடு 2007ஆம் ஆண்டு அரசாணையால் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சென்னை மருத்துவர் வி. சேஷையா நெடுங்காலம் வலியுறுத்திய சோதனை இது. அவர் பிறந்த மார்ச் 10ஆம் நாள் தேசியக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்தச் சோதனையில் சர்க்கரையின் அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவம் தேவை. மாறாக, சிறுநீர் திடீரெனக் குறைந்து, முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் வந்தால், அது உயர் இரத்த அழுத்தத்தால் நேரும் அவசர நிலை.

மலையூர்ப் பெண்கள் அறிந்திருக்கவேண்டிய இன்னொன்று, கசிவது சிறுநீரா பனிக்குட நீரா என்பது. சிறுநீர் மஞ்சளாய், அதற்குரிய மணத்தோடு, இருமும்போதோ குனியும்போதோ கசிந்து நின்றுவிடும். பனிக்குட நீர் பெரும்பாலும் நிறமற்று, அடக்க நினைத்தாலும் அடங்காமல் தொடர்ந்து ஊறும். சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த வெள்ளைத் துணியொன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருந்து பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். ஐயம் தீராவிட்டால் பனிக்குடம் உடைந்ததாகவே கொண்டு கிளம்ப வேண்டும். நீர் பச்சை நிறமாகவோ இரத்தம் கலந்தோ இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், இந்தச் சோதனைக்குக்கூட நேரம் செலவிடக் கூடாது. சமவெளியில் பத்து நிமிடத்தில் ஆட்டோ கிடைக்கும். இங்கோ 108 ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்து, அதே வளைவுகளில் இறங்கி வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ போய்ச் சேர வேண்டும். மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. குறித்த நாளுக்கு ஒரு வாரமேனும் முன்பாக, கீழே உள்ள உறவினர் வீட்டுக்கோ, மருத்துவமனையில் காத்திருக்க இடமிருந்தால் அங்கேயோ சென்றுவிடுவது பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் எட்டாம் மாதத்திலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. கீழிறங்கும் பயணத்துக்கு முன்பும் வழியிலும் சிறுநீர் கழிக்க வண்டியை நிறுத்தச் சொல்வதற்கு அவள் தயங்காதபடி உடன் போகிறவர்கள் நடந்துகொள்ள வேண்டும்.

குழந்தை பிறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் தாய் சிறுநீர் கழித்தாளா என்பதைச் செவிலியர் கேட்டறிவார். போகாமலிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் சில நாட்கள், உடலில் தங்கிய நீரெல்லாம் வெளியேறுவதால் சிறுநீர் மிகுதியாகவே போகும். பிறகு படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்பும். கசிவைக் குறைக்க, சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசைகளை இறுக்கி, ஐந்து நொடி வைத்திருந்து விடுவதைப் பத்துப் பத்து முறையாக நாளுக்கு மூன்று வேளை செய்யலாம்; அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948ஆம் ஆண்டு விவரித்த இந்தப் பயிற்சியைக் கருக்காலத்திலேயே தொடங்கிவிடலாம், ஆனால் சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது செய்யக் கூடாது. மூன்று மாதம் கடந்தும் இருமும்போது சேலை நனைகிறதென்றால், பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்கு மருத்துவம் இருக்கிறது.