முகத்துக்கு "அந்த ட்யூப்" வேண்டாம்! நாலு பொருள் போதும்!!

நெய்வேலி—

"ண்ணே, முகத்துக்கு அந்த ட்யூப் ஒண்ணு குடுங்க!"

சாயங்கால நேரத்தில் மருந்துக் கடை வாசலில் நின்றால் இந்தக் குரலைக் கேட்கலாம். ட்யூபின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரருக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்துவிடுவார்.

டாக்டர் சீட்டு? அவரும் கேட்பதில்லை. இவரும் காட்டுவதில்லை!

ஊருக்கு ஊர் நடப்பதுதான் இது. நெய்வேலி மட்டும் விலக்கா என்ன?

கூரை இல்லாத சுரங்கம்

சுரங்கம் என்றால் இருட்டுக் குகை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நெய்வேலி சுரங்கத்துக்குக் கூரையே கிடையாது. திறந்தவெளி! பகல் ஷிப்டில் மண்வெட்டும் ராட்சத எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் தலைக்கு மேலே சூரியன்தான்.

1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரிதான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது. அந்தக் கரித்தூசு முகத்தில் படிந்தால் கழுவினால் போய்விடும். ஆனால் வெயில் போட்ட கறுப்பு கழுவினால் போகாது.

அங்கேதான் வினை ஆரம்பம்!

"என்னப்பா, இப்படிக் கறுத்துட்டே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இன்னும் மோசம். உடனே ஓடுவது மருந்துக் கடைக்கு.

ஒரே வாரத்தில் பளபளப்பு!

அந்த ட்யூபில் இருப்பது பெரும்பாலும் "ஸ்டீராய்டு" என்ற மருந்து. கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு டாக்டர்கள் சில நாட்களுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது. நல்ல மருந்துதான். இடம் தெரியாமல் பூசினால் வம்பு.

முதல் வாரம் ஜோராக இருக்கும். சிவப்பு அடங்கும். பரு அமுங்கும். முகம் வெளுத்தது போலத் தெரியும். "சூப்பர் க்ரீம்" என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு போகும்.

மாதக்கணக்கில் பூசினால்? தோல் மெலிந்து போகும். கன்னத்தில் ரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். பெண்களுக்கும் முகத்தில் முடி வளரும். புதிதாகப் பருக்கள் கிளம்பும். வெயிலில் தலைகாட்ட முடியாது.

சரி, நிறுத்திவிடலாம் என்றால் அதுவும் முடியாது! நிறுத்திய சில நாட்களில் முகம் தீயாய் எரியும். மறுபடி பூசினால்தான் அடங்கும். ஒருவகையில் இதுவும் ஒரு போதைதான்.

படர்தாமரைக்கு இதைப் பூசுகிறவர்கள் கதை இன்னும் பரிதாபம். அரிப்பு நிற்கும். உள்ளே காளான் குஷியாக வளரும்!

433 பேர்!

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நாட்டின் 12 தோல் சிகிச்சை மையங்களில், முகத்தில் கோளாறு என்று வந்த 2,926 பேரை டாக்டர்கள் விசாரித்தார்கள். அதில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள்! பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டரே இல்லை. 2011-ல் வெளிவந்த கணக்கு இது.

தோல் டாக்டர்கள் சங்கம் விடாமல் போராடியது. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

சட்டம் வந்துவிட்டது. ட்யூப் நின்றதா?

சிறுநீரகம் வரை போன க்ரீம்

பெயர் ஊர் தெரியாத "சிவப்பழகு" க்ரீம்கள் இன்னொரு ஆபத்து. சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். அழகுப் பொருளில் பாதரசம் சேர்ப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் வருகிறது.

கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரகக் கோளாறுடன் 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு ஒரே மாதிரியான, அபூர்வமான அடையாளம். டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்!

பூசியது முகத்தில். போய்ச் சேர்ந்தது சிறுநீரகத்தில்!

அப்படியானால் என்னதான் பூசுவது?

அதே மருந்துக் கடையில், சீட்டே தேவைப்படாத நாலு பொருள் இருக்கின்றன.

ஒன்று: சோப்பு. வாசனையும் காரமும் குறைந்த சோப்பு, அல்லது முகம் கழுவும் திரவம். காலையில் ஒரு தரம், வேலை முடிந்து வந்ததும் ஒரு தரம். அவ்வளவுதான். கிரீஸ் போக மண்ணெண்ணெய், கரி போக துணி சோப்பு, தேய்க்க நார் என்று முகத்தைப் படுத்தக் கூடாது. முகம் ஒன்றும் சட்டி அல்ல!

இரண்டு: ஈரம் காக்கும் பூச்சு. முகத்தைத் துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும். கிளிசரின் கலந்த சாதாரண லோஷன் போதும். உதடு, முழங்கை, பித்த வெடிப்புக்கு பெட்ரோலியம் ஜெல்லி. அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகள், கம்பியில் ஒட்டிய மெழுகை வெட்டுக் காயத்தில் தடவிக்கொள்வதைப் பார்த்துத்தான் செஸ்பரோ என்ற ரசாயன நிபுணர் அதைச் சுத்தம் செய்து, 1872-ல் "வாசலின்" என்று காப்புரிமை வாங்கினார். தொழிலாளி கண்டுபிடித்த மருந்து! ஆனால் பரு உள்ள முகத்துக்கு அது வேண்டாம். எண்ணெய்ப் பசை கூடும்.

மூன்று: வெயில் தடுப்பு க்ரீம். நாலில் முக்கியம் இதுதான். காசும் இதற்குத்தான் கொஞ்சம் கூட. "எஸ்.பி.எஃப். 30" அல்லது அதற்கு மேல் என்று போட்டிருந்தால் போதும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து, காது மடல் வரை பூச வேண்டும். வெளியில் கிளம்ப கால் மணிக்கு முன்பே பூசிவிடுவது நல்லது. வியர்வையில் கரைந்துவிடும் என்பதால் வெயிலில் நிற்பவர்கள் இரண்டு மணிக்கு ஒரு தரம் மறுபடி பூச வேண்டும். முழுக்கைச் சட்டையும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டும் காசில்லாத வெயில் தடுப்பு!

நான்கு: காலமைன் லோஷன். வேர்க்குரு, வெயில் எரிச்சலுக்குப் பாட்டி காலத்து நண்பன். ஆனால் வெயில் தடுப்பு க்ரீமுக்கு இது மாற்று அல்ல.

பருவுக்கு அவசரம் ஆகாது

பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு என்ற மருந்து உண்டு. டாக்டரைக் கேட்டு, 2.5 சதவீதத்தில் ஆரம்பிக்கலாம். தலையணை உறையை வெளுத்துவிடும். பழைய உறையைப் போட்டுக்கொள்ளுங்கள்! பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஒரே வாரத்தில் முகம் மாறினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்!

எதை வாங்கினாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். ஒரே நாளில் நாலையும் ஆரம்பிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்துக் களிம்பும் தொட வேண்டாம்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் ஏற்கெனவே ஒரு ட்யூப் இருக்கிறதா? திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் — இதில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் பூசிவிட்டீர்களா? பயந்துபோய் குப்பையில் வீசிவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் எரிச்சல் கிளம்பும். ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் தோல் பிரிவு இருக்கிறது. எத்தனை நாள் பூசினோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மெல்ல மெல்ல மீட்டு விடுவார்கள்.

இந்த நாலு பொருளும் யாரையும் சிவப்பாக்காது. பிறந்த நிறம் நோய் அல்ல, மருந்து போட! வெயிலில் நின்று உழைக்கிற முகத்தை வெடிக்காமல், எரியாமல் காப்பாற்றும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுத்த முறை கடைக்காரர் "அந்த ட்யூபா?" என்று கை நீட்டினால், "வேணாம்ணே, வெயிலுக்குப் பூசுறது குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள்!