காவல் எழுந்தால் காக்கை இறங்கும்

பாம்பன், மண்டபம் கரையோரம் கருவாடு காயும் களத்தைப் பார்த்திருப்பீர்கள். கையில் கம்போடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்வரை காக்கைகள் சுற்றிச் சுற்றி வரும், இறங்காது. அவர் எழுந்துபோனால் மீன் மிஞ்சாது. குரங்கின் மூளையில் வைரஸால் கட்டி வருவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

உயிரணுவில் மரபுச் செய்தி டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்குப் போவதே வழக்கம். இந்தக் கதையில் வரும் ரெட்ரோவைரஸ் என்ற வைரஸ் வகை அதைத் தலைகீழாக்குகிறது. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, புகுந்த அணுவின் மரபுத்தொகுதியிலேயே செருகிவிடுகிறது. இதைச் செய்யும் நொதியை 1970-இல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

1980-களில் அமெரிக்க ஆய்வகங்களில் இருந்த ரீசஸ் குரங்குகள் சில மெலிந்து, சாதாரணத் தொற்றுகளுக்கே பலியாயின. 1985-இல் அவற்றிலிருந்து எஸ்.ஐ.வி. என்ற ரெட்ரோவைரஸைப் பிரித்தெடுத்தார்கள், எச்.ஐ.வி.யின் நெருங்கிய உறவு அது. மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்கபே குரங்குகள் அதைப் பெரும்பாலும் நோயின்றிச் சுமக்கின்றன. ரீசஸ் போன்ற ஆசியக் குரங்குகளுக்கோ அது புதிது. உடலின் காவலர்களான டி அணுக்களை அது அழித்துவிடுகிறது.

அப்படி நலிந்த சில குரங்குகளின் மூளையில் கட்டி வளர்ந்தது. அது நரம்பணுக்களில் முளைத்ததல்ல. பி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகிய லிம்போமா. கட்டியின் அணுக்களைச் சோதித்தபோது அங்கே குடியிருந்தது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று. குட்டிப் பருவம் முதலே பெரும்பாலான குரங்குகளின் உடலில் அடங்கிக் கிடப்பது அது. எஸ்.ஐ.வி. காவலை எழுப்பி அனுப்பியது, காக்கை இறங்கிவிட்டது.

மனிதருக்கும் இதே கதை. எய்ட்ஸ் முற்றியவர்களின் மூளையில் வரும் லிம்போமாவில், நம்மில் பெரும்பாலோர் உடலில் உறங்கும் எப்ஸ்டைன்-பார் வைரஸைக் காண்கிறோம். 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தபோது அதற்குத் தக்க மருந்தில்லை. இன்று கூட்டு மருந்துகள் டி அணுக்களைக் காப்பதால் இந்த மூளைக் கட்டி வெகுவாகக் குறைந்துவிட்டது.

வானரங்கள் அணைகட்டிய கதை வழங்கும் இராமேசுவரக் கரையில் குரங்குக்குப் பழம் கொடுப்பதைப் புண்ணியமாக நினைக்கிறோம். நம் நாட்டுக் குரங்குகளுக்கு எஸ்.ஐ.வி. இயற்கையில் இல்லை. ஆனால் ஆசியக் குரங்குகளின் எச்சிலில் ஃபோமி என்ற வேறொரு ரெட்ரோவைரஸ் உண்டு. பாலித் தீவில் கோயில் குரங்குகளோடு பழகிய ஒருவருக்கு அது தொற்றியிருந்தது. அதனால் மனிதருக்கு நோய் வந்ததாகத் தெரியவில்லை. கடியால் வரக்கூடிய வெறிநோய்தான் பேராபத்து. குரங்கு கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நம்முடைய காசநோயும் தட்டம்மையும் குரங்குகளுக்கும் தொற்றும். கையில் வைத்து ஊட்டாமல் எட்ட நின்று பார்ப்பதே இரு தரப்புக்கும் காவல்.